நடுவில் ஒரு சொல்

லைட் ஸ்ட்ரீட், மரண விசாரணை.
ஏர்கோன் நேராகக் கழுத்தில் விழும் நாற்காலி என்னுடையது.
பதினாறு வருடமாக அதில்தான்,
தமிழ் காது வழியே நுழைய
மலாய் வாய் வழியே வெளியேற.

சாட்சி பூபதிராஜன், பிறை கிடங்கில் வேலை.
கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:
"அவரை ஃபோர்க்லிஃப்ட் இடிச்சிருச்சு."

எங்கள் மொழியில் அப்படித்தான் வரும்.
உயிருள்ளவரை முதலில் உள்ளே விட்டு
இரும்பை வாசலில் நிறுத்துகிற வரிசை.
கோப்பி குடித்தேன் என்றால் போதும், கோப்பிக்கு ஒட்டு வேண்டாம்.
"தம்பி பார்த்தேன்" என்று சொல்லிப் பாருங்கள்,
யாருக்கோ கால் இல்லாத மாதிரி இருக்கும்.

'டியா டிலங்கார் ஃபோர்க்லிஃப்ட்' என்றேன்.
மலாயும் மரியாதை தெரிந்ததுதான்:
அவர், அடி, பிறகுதான் வண்டி.

அறிக்கையில் ஆட்களை எண்ண ஓராங்,
கிடங்கு நாயை எண்ண ஏக்கோர், அதாவது வால்,
வண்டியை எண்ண பூவா. பழம்.
ஒரு பழம் ஃபோர்க்லிஃப்ட்.
வழக்கமாக இதற்குச் சிரிப்பேன்.

இறந்தவர் அமிர்தலிங்கம், நாற்பத்தொன்று.
பத்தே கால் வரை நின்றார்.
பத்து இருபதுக்குக் கிடந்தது.
ஐந்து நிமிடத்தில் வினையின் வால் அறுந்து
வேறு வால் முளைத்துவிட்டது.
மனைவி கோகிலவாணி மட்டும் மாற்றவில்லை.
"அவர எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்கன்னு கேட்டேன்,
பாரத்துல கையெழுத்துப் போடச் சொன்னாங்க."
பாரத்தில் மாயாத் என்று இருந்தது.
நான் டியா என்றே சொன்னேன்.

மதியம் ஹொக்கியன் மொழிபெயர்ப்பாளர் மிஸ் ஓய்
ரொட்டியைப் பிய்த்தபடி எங்கோ படித்ததைச் சொன்னாள்.
எந்தப் பாலைவனத்திலோ ஒரு மொழி.
மனிதனைக் கல் உருட்டியது என்றாலும்
அங்கே கல் முன்னால் நிற்க முடியாதாம்.
மனிதன்தான் முதலில். வினை மட்டும்
தன் தலையெழுத்தை மாற்றிக்கொள்ளுமாம்.
மின்னலுக்கு ஆளுக்குச் சமமான இடம்,
கைக்குழந்தைக்கு ஒரு படி கீழே.
"ஃபோர்க்லிஃப்ட் எந்தப் படி?" என்றாள்.
ரொட்டி பாதியில் நின்றது, என் கையில்.

காலையில் நான் சொன்ன வாக்கியத்தில்
ஓர் ஆள் குறைந்தார்.
இருந்தது இருவர்.
ஒருவரை மரியாதையாக முன்னால் நிறுத்திய வரிசையில்
இன்னொருவர் அஃறிணையின் பின்னால் ஒளிந்துகொண்டார்.
திறந்தே கிடந்தது அந்த இடம். நானும் அதை அப்படியே
மலாயில் கொண்டுபோய் வைத்தேன், சிந்தாமல்.

மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார்.
ஃபோர்க்லிஃப்ட் தானாக ஓடுமா என்று கேட்டார்.
கேட்டேன்.

ஃபெரி ஒன்று ஊதியது.
பூபதிராஜன் என்னைப் பார்த்தார், மாஜிஸ்திரேட்டை அல்ல.
"அவர..."
நிறுத்தினார்.
"அவர இடிச்சது"
எச்சில் விழுங்கினார்.
"நான்தான்."

கடைசி இருக்கையில் ஒரு வழியாக ஓர் ஆள்.

சாயா லங்கார் டியா என்றால் எளிது.
ஆனால் அவர் தன்னை முன்னால் வைக்கவில்லை.
'டியா சாயா லங்கார்' என்றேன்.
மூன்றாம் படிவத்தில் சிக்கு ரொஸ்னா
பலகையில் கோடு போட்டுக் காட்டிய விதி இது:
இப்படிச் சொல்லும்போது சாயாவுக்கும் வினைக்கும் நடுவில்
எதுவும் வரக் கூடாது. சூடா வரக் கூடாது. தீடாக் வரக் கூடாது.
அன்று மதிப்பெண்ணுக்காகப் படித்தேன்.

"தெரியாம" என்றார் பிறகு, மெதுவாக.
அதையும் சொன்னேன், சொல்லத்தான் வேண்டும்.
நடுவில் இடம் இல்லை.
வெளியே வைத்தேன்.